டிராக் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டலாமா?

கருவிப்பெட்டி:

சிங்கப்பூரின் மரினா பேயில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய ஃபார்முலா 1 இரவுப் பந்தயத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதை நம் வீடுகளில் யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆனால் டிராக் பந்தயத்தையும் அதுபோல ஒரு விளையாட்டு ஒளிவழியில் நேரலையாகக் காட்ட வேண்டும் என்று பணிமனையில் நான் பேச்செடுத்தபோது, சக ஊழியர்கள் முதல் வாடிக்கையாளர்கள் வரை எல்லாரும் ஒரே குரலில், "அதெல்லாம் காட்டினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு ஊர்திகள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நேர்த்தடங்கள்; முதலில் கோட்டைத் தாண்டுபவர் அடுத்த சுற்றுக்குப் போவார், தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். வழக்கமான தூரம் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். உச்சப் பிரிவான டாப் ஃபியூயலில் நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் இயந்திரம் 11,000 குதிரைத்திறனுக்கும் மேல் கொடுக்கும். ஊர்தி நான்கு வினாடிக்குள் மணிக்கு 530 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். நம் விரைவுச்சாலைகளில் வேக வரம்பு 90க்கு மேல் எங்கும் இல்லை.

என் வாதம் இதுதான். இந்தப் பந்தயத்தைப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கைப்பேசியில், இருபது வினாடித் துணுக்குகளாக, புகையும் தீயும் கவிழ்ந்த ஊர்தியுமாகப் பார்க்கிறார்கள். அந்தத் துணுக்கில் இல்லாதவைதான் இந்த விளையாட்டின் பெரும்பகுதி. டயரைச் சூடாக்கி முடித்த ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து பின்னால் எதையும் பார்க்க முடியாது. குழுவினர் ஒருவர் எதிரே நின்று கையசைத்து, ஊர்தியை அது விட்டுச்சென்ற ரப்பர்த் தடத்தின் மேலேயே அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு வரவழைப்பார். பிறகு ஒளிக்கற்றைகளுக்குள் முன்சக்கரத்தை நுழைக்கும் சடங்கு. 1963இலிருந்து பயன்பாட்டில் இருக்கும் 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சள் விளக்குகளும் ஒன்றாக எரிந்து, 0.4 வினாடி கழித்துப் பச்சை வரும். அதற்கு முன் அசைந்தால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் நடக்கும் ஒன்றை முழுமையாகக் காட்டுவதுதான், வெட்டி வெட்டிக் காட்டுவதைவிடப் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கத்தை வாலி பார்க்ஸ் 1951இல் தொடங்கியதே, தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்களை ஒழுங்கான தடத்துக்கு அழைத்து வருவதற்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

உட்லண்ட்ஸ்வாசி:

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைப் பொறுமையாக இரண்டு முறை படித்தேன். என் மூத்த மகன் பதினெட்டு முடிந்த கையோடு 2பி உரிமம் எடுத்து மோட்டார் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கிறான். எனவே நான் நடுநிலையாகப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

நீங்கள் கடைசியாக எழுதிய பத்தியில்தான் எனக்குச் சிக்கல் இருக்கிறது. தெருவிலிருந்து தடத்துக்கு அழைத்து வந்தார்கள் என்கிறீர்கள், சரி. அங்கே அழைத்துப் போவதற்குத் தடம் இருந்தது. இங்கே எங்கே இருக்கிறது? காற்பந்தை நேரலையில் பார்த்துவிட்டு உற்சாகமடையும் பிள்ளை கீழ்த்தளத்துக்கு அருகிலுள்ள திடலுக்கு ஓடுவான். டிராக் பந்தயத்தைப் பார்த்துவிட்டு உற்சாகமடையும் பிள்ளை எங்கே ஓடுவான்? நள்ளிரவுக்கு மேல் ஆளில்லாத சாலைக்குத்தான். சமிக்ஞை விளக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கும் பச்சை விளக்குக்கும் நீங்கள் விவரித்த காட்சிக்கும் தோற்றத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லுங்கள். மரினா பே பந்தயத்தைப் பார்த்து யாரும் அதே வளைவுகளை வீட்டருகே உருவாக்க முடியாது. நேர்ச்சாலையோ எல்லா வட்டாரத்திலும் இருக்கிறது.

2021 சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அதிகாலையில் தஞ்சோங் பகாரில் ஒரே காரில் ஐந்து பேர் எரிந்து மாண்டதை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? அது பந்தயம் என்று நான் சொல்ல வரவில்லை. வேகம் என்ற ஒன்று அந்த வயதில் என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன். சட்டவிரோதப் பந்தயத்துக்கான தண்டனையை அதே ஆண்டு கூட்டினார்கள். சிறை, அபராதம், வாகனப் பறிமுதல் எல்லாம் இருக்கின்றன. ஒருபுறம் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டு மறுபுறம் அதையே கூடத்தில் ஒளிபரப்புவது எனக்கு முரணாகப் படுகிறது.

பின்சக்கரம்:

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததை யூடியூபில் நேரலையாகப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதற்கு முன் பயிற்சியில் அவருடைய கார் சுழன்று தடுப்பில் மோதிய காட்சியையும் பார்த்தோம். மறுநாள் எந்தத் தமிழனும் தடுப்பில் மோதவில்லை. எனவே பார்ப்பதால் கெட்டுப்போவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஆனால் ஒன்று. அந்தப் பந்தயத்தில் 24 மணி நேரத்துக்குக் கதை இருந்தது. நான்கு வினாடியில் முடிந்துபோகும் ஒன்றை நேரலையில் எப்படித்தான் பார்ப்பது? தேநீர் எடுத்துவர எழுந்தால் இறுதிச் சுற்றே முடிந்துவிடும்.

ஒளிப்பதிவு அறை:

நண்பர் பின்சக்கரம் விளையாட்டாகக் கேட்டிருந்தாலும், உண்மையான கேள்வி அதுதான். வெளிப்புற ஒளிபரப்பு வண்டிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அறம் பற்றிய வாதத்தை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கப் போட்டி ஒன்றின் ஞாயிற்றுக்கிழமையில் ஒவ்வொரு பிரிவிலும் பதினாறு பேர் மோதுகிறார்கள் என்றால் முதல் சுற்றில் எட்டு, பிறகு நான்கு, இரண்டு, ஒன்று என மொத்தம் பதினைந்து ஓட்டங்கள். நைட்ரோமீத்தேனில் ஓடும் பிரிவுகளான டாப் ஃபியூயலும் ஃபன்னி காரும் ஓட்டத்துக்கு நான்கு வினாடிக்குள் முடிந்துவிடும். ப்ரோ ஸ்டாக் காரும் ப்ரோ ஸ்டாக் மோட்டார் சைக்கிளும் ஏழு வினாடிக்குள். நான்கு பிரிவுகளையும் கூட்டிப் பார்த்தால் அன்று முழுவதும் நடக்கும் உண்மையான பந்தயம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். அந்த ஐந்து நிமிடம் ஐந்தாறு மணி நேரத்துக்குள் சிதறிக் கிடக்கும். எந்த இயக்குநரும் இதை நேரலையில் தொட அஞ்சுவார்.

இதற்கு மேல் எண்ணெய். இயந்திரம் வெடித்துத் தடத்தில் எண்ணெய் கொட்டிவிட்டால், அடுத்த இருவரை அனுப்புவதற்கு முன் முழுத் தடத்தையும் துடைத்து, உலர்த்தி, ஒட்டுத்தன்மையை மீட்க வேண்டும். அரை மணி நேரம் பறிபோவது சாதாரணம். தூறல் விழுந்தால் சுத்தமாக நிறுத்தம், ஏனெனில் இந்த டயர்கள் ஈரத்தில் பிடிக்காது. இதனால்தான் அமெரிக்காவில் நெடுங்காலம் இதை ஒளிப்பதிவு செய்து, வெட்டித் தொகுத்து, பல மணி நேரம் தாமதித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முடிவு தெரிந்தபின் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? ரசிகர்கள் அலுத்துக்கொண்டார்கள். 2016இல் உரிமை ஈஎஸ்பிஎன்னிடமிருந்து ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸுக்கு மாறியபோது நேரலை கூடியதற்கு அந்த அலுப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர்கள் இடைவெளியை நிரப்பியது எதைக் கொண்டு என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். ஓர் ஓட்டம் முடிந்ததும் நைட்ரோ ஊர்தியின் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டு, பிஸ்டன், பேரிங், கிளட்ச் தட்டுகள் எல்லாவற்றையும் மாற்றி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக மறுபடியும் உயிர்ப்பித்துவிடுவார்கள். குழுத்தலைவர் கையில் கழற்றிய ஸ்பார்க் பிளக்குகள் வரிசையாக இருக்கும். எந்த சிலிண்டரில் எரிபொருள் அதிகமாகப் போனது, எதில் குறைந்தது என்பதை அந்த முனைகளின் நிறத்தையும் தேய்மானத்தையும் வைத்தே சொல்லிவிடுவார். அடுத்த ஓட்டத்தில் என்ன நடக்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது. கேமராவை அங்கே வைத்தால் நான்கு வினாடிக்கு அர்த்தம் வருகிறது. வைக்காவிட்டால் சத்தம் மட்டும்தான், அந்தச் சத்தத்தையும் தொலைக்காட்சியால் கொடுக்க முடியாது. நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் ஓசையையும் கண்ணை எரியவைக்கும் நைட்ரோ புகையையும் எந்த ஒலிவாங்கியும் வீட்டுக்குக் கொண்டுவரப் போவதில்லை.

இன்னொன்று நமக்கே உரிய பிரச்சினை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைக்காலக் காலை 11 மணி என்றால் இங்கே இரவு 11. இறுதிச் சுற்று வரும்போது திங்கட்கிழமை அதிகாலை நான்கு, ஐந்து ஆகிவிடும். கலிஃபோர்னியா என்றால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். வேலைக்குப் போகிறவன் எவன் பார்ப்பான்? எனவே "நேரலை வேண்டும்" என்ற கோரிக்கை சிங்கப்பூரில் பொருள்படுவதானால் அது ஆஸ்திரேலியப் போட்டிகளுக்குத்தான் பொருந்தும். குவீன்ஸ்லாந்தின் வில்லோபேங்கில் ஜூன் மாதத்தில் நடக்கும் குளிர்காலப் போட்டிக்கு நமக்கும் இரண்டு மணி நேரமே வித்தியாசம். ஞாயிறு பிற்பகலில் சோறு உண்டபின் பார்க்கலாம்.

தமிழ் வர்ணனை வேண்டும் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று வந்து சேர்வதற்குள் ஊர்தி பாராசூட்டை விரித்திருக்கும்.

அப்பர் தாம்சன் பெரியவர்:

இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன். 1961 முதல் 1973 வரை இதே ஊரில், அப்பர் தாம்சன் சாலையை மூடி, கிராண்ட் பிரீ நடத்தினார்கள். சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். நாங்கள் சாலையோரப் புல்மேட்டில், கார்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மழைநீர்க் கால்வாயும் மின்கம்பமும் பேருந்து நிறுத்தமும் அப்படியே இருக்கும். உயிரிழப்புகள் நேர்ந்தன. 1973க்குப் பிறகு நடத்தவில்லை. பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் இங்கே பெரிய பந்தயமே கிடையாது.

அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பந்தயமும் இல்லை, இப்போதிருப்பது போன்ற நேரலையும் கைப்பேசியும் இல்லை. இருந்தும் இரவில் நேர்ச்சாலைகளில் பந்தயம் ஓட்டியவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். என் தம்பியின் நண்பர்களிலேயே சிலர் இருந்தார்கள். அவர்கள் எந்தத் தொலைக்காட்சியையும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. எனவே உட்லண்ட்ஸ் அம்மையார் கூறும் காரணகாரியத் தொடர்பை நான் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். அதேவேளையில் அருகில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: விபத்தை நேரில் கண்ட எங்கள் கூட்டத்தில் பலர் அன்றோடு பந்தயம் பார்ப்பதையே விட்டார்கள். திரையில் பார்ப்பவனுக்கு அந்த வாடை தெரியாது. அவன் மறுபடியும் போட்டுப் பார்ப்பான்.

உட்லண்ட்ஸ்வாசி:

ஐயா சொன்ன கடைசி வரி எனக்குப் போதுமானது. திரை எதையும் உணர்த்தாது என்று எழுதுகிறார். அதைத்தானே நானும் சொல்கிறேன்.

இரவுப்பணித் தாதி:

விபத்துச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால் இந்த விவாதத்தில் யாரும் இன்னும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். ஓட்டுபவரின் வீட்டார் பற்றி யார் பேசுவது?

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் டேட்டோனா 500 கார்ப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியதைப் பல மில்லியன் பேர் நேரலையில் பார்த்தார்கள். பார்ப்பதற்கு அது பெரிய விபத்தாகவே தோன்றவில்லை. அவர் உயிருடன் இல்லை என்ற அறிவிப்பு பந்தயம் முடிந்து நேரம் கழித்தே வந்தது. தலைக்காயங்கள் அப்படித்தான், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். 2024 ஜூன் மாதம் வர்ஜீனியாவில் ஃபன்னி கார் ஓட்டத்தில் இயந்திரம் வெடித்து, ஊர்தி தடுப்புச்சுவர்களில் மோதியபோது ஜான் ஃபோர்ஸுக்கு வயது 75. பதினாறு முறை வாகையர் பட்டம் வென்றவர். மூளைக் காயத்தோடு நெடுநாள் சிகிச்சையில் இருந்தார். அவருடைய மகள்களும் பந்தயம் ஓட்டியவர்கள். இப்படிப்பட்ட நேரத்தில் கேமரா எங்கே பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது, எத்தனை முறை திருப்பிப் போடுகிறது என்பதை ஒரு மனிதர் சில வினாடிகளுக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தாமதித்துக் காட்டினால் அந்த முடிவை நிதானமாக எடுக்கலாம். நேரலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால் கிடைக்கும் கூடுதல் இன்பம் என்ன?

கருவிப்பெட்டி:

எல்லாருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாதி சகோதரி கேட்டது கடினமான கேள்வி. விபத்தை எல்லாரும் பார்த்ததால்தான் பாதுகாப்பு வளர்ந்தது என்பது என் எண்ணம். எர்ன்ஹார்ட் இறந்த அதே ஆண்டு அக்டோபரில், கழுத்தையும் தலையையும் பிடித்துநிறுத்தும் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. டிராக் பந்தயத்திலும் 2008 ஜூன் மாதம் நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் ஃபன்னி கார் ஓட்டுநர் ஸ்காட் கலீட்டா உயிரிழந்தபோது, இயந்திரம் வெடித்த ஊர்தி நிற்காமல் மணல் பொறியையும் தாண்டிப் போனதைக் கண்ட பிறகு, இரண்டு வாரங்களுக்குள் டாப் ஃபியூயல், ஃபன்னி கார் பிரிவுகளின் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் புனிதமாகக் கருதப்பட்ட தூரம் அது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் சாவுகளுக்கு இவ்வளவு விரைவாகப் பதில் கிடைப்பதில்லை.

விபத்தின்போது கேமரா எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் வழக்கம் உருவாகிவிட்டது. 2020 நவம்பரில் பஹ்ரைன் ஃபார்முலா 1 பந்தயத்தில் ரொமான் க்ரோஸ்ஜானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பிழம்பானபோது, அவர் உயிரோடு வெளியே வந்தது உறுதியாகும்வரை மறுகாட்சியே போடவில்லை. நேரலையில் கட்டுப்பாடு சாத்தியம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

அக்கா கேட்ட தடம் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சாங்கியில் நிரந்தரப் பந்தயத் தடம் அமைக்கும் திட்டத்தை 2010இல் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். பணம் திரளாமல் 2012இல் ஒப்பந்தமே ரத்தானது. அது வந்திருந்தால் இந்த விவாதமே வேறு மாதிரி இருந்திருக்கும். இன்று ஓட்ட ஆசைப்படுபவர்கள் எல்லை தாண்டிச் செப்பாங்குக்குத்தான் போகிறார்கள். எங்கள் பணிமனைக்கு வரும் வாடிக்கையாளர்களில் சிலரும் அப்படித்தான். ஆனால் அக்கா, காப்பியடிப்பது பற்றிய உங்கள் அச்சத்துக்கு முழு நேரலைதான் மாற்று மருந்து என்று இன்னமும் சொல்கிறேன். தீத்தடுப்பு உடை இல்லாமல் யாரும் ஊர்தியில் ஏறுவதில்லை, தடுப்புச்சுவர் இல்லாத இடத்தில் யாரும் ஓட்டுவதில்லை, பாராசூட் விரியாவிட்டால் என்ன ஆகும் என்று வர்ணனையாளர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார் என்பதையெல்லாம் மணிக்கணக்கில் பார்த்தவனுக்கு, தெருவில் நடப்பது அதன் கேலிக்கூத்து என்று தெரிந்துவிடும். விருந்தில் ஊறுகாயை மட்டும் நக்கிவிட்டு எழுந்தவனுக்குச் சமையல் எப்படித் தெரியும்?

குறுக்குக்கேள்வி:

தடம் இல்லை, தடம் இல்லை என்கிறீர்கள். லிம் சூ காங் சாலையை ஆகாயப்படை 1986இலிருந்து அவ்வப்போது ஓடுபாதையாக மாற்றிப் பயிற்சி செய்து வந்திருக்கிறது அல்லவா? 2,500 மீட்டர் நேர்ச்சாலை, விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் கழற்றி வைக்கும் ஏற்பாடும் இருந்தது. ஆண்டுக்கு ஒருநாள் நமக்குக் கொடுத்தால் ஆகாதா?

ஒளிப்பதிவு அறை:

தேசிய சேவையில் இருந்தபோது அந்தச் சாலையில் பெருக்குவதற்கு நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், நண்பரே. ஒரு சிறு கல்லையும் விடாமல் பொறுக்க வேண்டும். அதன்மேல் ரப்பரையும் பசையையும் நைட்ரோ எண்ணெயையும் பூச விடுவார்களா? அதை விட்டுவிட்டு விவாதத்துக்கு வருவோம்.

கருவிப்பெட்டி அவர்களின் ஒரு வாதத்தில் ஓட்டை இருக்கிறது. விபத்தை மக்கள் பார்ப்பதால்தான் பாதுகாப்பு வளர்கிறது என்கிறீர்கள். 2007 மார்ச்சில் ஃபன்னி கார் ஓட்டுநர் எரிக் மெட்லன் ஃப்ளோரிடாவில் ஒரு சோதனை ஓட்டத்தில் படுகாயமடைந்து சில நாள்களில் இறந்தார். அது போட்டி அல்ல, எந்த ஒளிவழியும் அதைக் காட்டவில்லை. அவருடைய அணியே ஊர்தியின் கூண்டையும் இருக்கையையும் தலைப்பகுதி மெத்தையையும் மறுபடி வடிவமைத்தது. 1970இல் டாப் ஃபியூயல் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் பாதத்தில் ஒரு பகுதியை வெடித்த கியர்ப்பெட்டி துண்டித்தபோதும் அப்படித்தான்; மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி யோசித்து, மறுவருடம் இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த ஊர்தியோடு வந்தார். இன்று எல்லா டாப் ஃபியூயல் ஊர்திகளும் அந்த வடிவம்தான். அதற்குக் காரணம் கேமராவன்று, வலி.

நேரலையை ஆதரிக்க வேறு நல்ல காரணம் இருக்கும்போது இந்தக் காரணத்தைத் தூக்கிப்பிடிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். 1979இல் டேட்டோனா 500 பந்தயத்தைச் சிபிஎஸ் முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவுவரை நேரலையாகக் காட்டியது. அன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கடும் பனிப்பொழிவு, மக்கள் வீட்டோடு கிடந்தார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் இடித்து வெளியேற, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். இடித்துக்கொண்டவர்கள் புல்வெளியில் கைகலப்பில் இறங்கினார்கள். தொகுத்துக் காட்டியிருந்தால் அது ஒரு நிமிடச் செய்தி. நேரலையில் பார்த்ததால் ஒரு வட்டார விளையாட்டு நாடு முழுவதுக்குமானது. டிராக் பந்தயத்திலும் அதே தன்மை இருக்கிறது. மெதுவான ஊர்தியை ஓட்டுபவர் பச்சை விளக்கு எரிந்ததும் முந்திக் கிளம்பி வேகமான ஊர்தியைத் தோற்கடிப்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்த்தால் ஒன்றுமில்லை.

இரவுப்பணித் தாதி:

க்ரோஸ்ஜான் விஷயத்தில் நீங்கள் பாதியைத்தான் சொன்னீர்கள். அவர் பிழைத்தது உறுதியானதும் அந்த நெருப்பை எத்தனை முறை, எத்தனை கோணங்களில் போட்டார்கள்! அதைக் கண்டித்துப் பேசியவர் சக ஓட்டுநரான டேனியல் ரிக்கார்டோ. மறுபடியும் காருக்குள் ஏறக் காத்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிவது வரை நிறுத்திவைப்பது ஒரு கட்டுப்பாடு. அறிந்தபின் திரும்பத் திரும்பக் காட்டாமலிருப்பது இன்னொரு கட்டுப்பாடு. முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை.

பின்சக்கரம்:

தாதி அக்கா சொன்னது சரி. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தேசிய டிராக் பந்தயம் நடக்கிறது. ஹேமந்த் முத்தப்பா அங்கே வெல்லும் பந்தயங்களைத் தேடினால் எனக்கு முதலில் வருவது வேறு யாரோ கவிழும் துணுக்குகள்தான். வென்றவனைப் பார்க்க ஐந்து நிமிடம் தேட வேண்டியிருக்கிறது.

கருவிப்பெட்டி:

அப்படியானால் நான் கேட்பதை இன்னும் குறுக்கிக்கொள்கிறேன். ஆஸ்திரேலியப் போட்டியொன்றை ஞாயிறு பிற்பகலில் முழுமையாக, இயந்திரம் பிரிக்கும் கூடாரம் உட்பட, நேரலையாகக் காட்டட்டும். ஓட்டுநரின் நிலை தெரியும்வரை மறுகாட்சி வேண்டாம். தெரிந்தபின்னும் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். விபத்துக் காட்சியை நிகழ்ச்சியின் முன்னோட்டத்திலோ சமூக ஊடகத் துணுக்கிலோ பயன்படுத்தக்கூடாது. அக்கா, இந்த நிபந்தனைகளோடு வந்தால் ஏற்பீர்களா?

உட்லண்ட்ஸ்வாசி:

முன்னோட்டம் பற்றிச் சொன்னீர்களே, அது மட்டும் உண்மையாக நடந்தால் எதிர்க்க மாட்டேன். என் மகன் அந்தக் கூடாரத்தில் ஸ்பார்க் பிளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். எப்படியும் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல்தான் படிக்கிறான். ஆனால் தெருவுக்கும் தடத்துக்கும் தோற்றத்தில் வித்தியாசமில்லை என்று நான் கேட்டதற்கு உங்கள் பதில் எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை. மணிக்கணக்கில் பார்த்தால் புரியும் என்கிறீர்கள். அந்த வயதில் மணிக்கணக்கில் எதைப் பார்க்கிறார்கள்?

அப்பர் தாம்சன் பெரியவர்:

அம்மையார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் யாராவது பெரியவர் கூட உட்கார்ந்தால் பார்ப்பார்கள். என் பேரன் என்னோடுதான் பந்தயம் பார்க்கிறான். நடுவில் அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

ஒளிப்பதிவு அறை:

நிபந்தனைகளைப் பற்றித் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மறுகாட்சி பற்றிய இரண்டையும் இயக்குநரிடம் பேசிச் சாதித்துவிடலாம், ஏனென்றால் அது அவர் கையில் இருக்கிறது. முன்னோட்டம் அவர் கையில் இல்லை. அதைத் தயாரிப்பது விளம்பரப் பிரிவு. அவர்களுக்குக் கிடைக்கும் முப்பது வினாடியில் கூடாரத்தையும் ஸ்பார்க் பிளக்கையும் வைக்க மாட்டார்கள். உரிமையை விற்பவர்களே தீப்பிடித்த காட்சிகளைத் தனிக்கோப்பாகச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். நீங்கள் கேட்டவற்றுள் மறுக்கப்படப்போவது அந்த ஒன்றுதான்.

கருவிப்பெட்டி:

அந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுத முடியாது என்றால் எனக்கும் அந்த நேரலை வேண்டாம், ஐயா. துணுக்குக்கு மாற்றாகத்தான் நேரலையைக் கேட்டேன். நேரலையே துணுக்குகளுக்கு விளம்பரம் தேடித்தருமானால் நான் இந்த இழையைத் தொடங்கியதற்கே பொருளில்லை. வில்லோபேங்க் அமைப்பாளர்களின் சொந்த இணைய ஒளிபரப்பு ஏதேனும் இங்கிருந்து பார்க்கக் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் ஜூன் மாதம் அக்காவின் மகனைப் பணிமனைக்கு அனுப்பிவையுங்கள், திரையும் இருக்கிறது, கழற்றிப் பார்க்க ஒரு பழைய இயந்திரமும் இருக்கிறது.